பழுதில்லாத பாட்டு

கல்யாணப் பத்திரிகையைக் கூம்பாகச் சுருட்டி, அதன் நுனியில் ஒரு தையல் ஊசியைக் குத்தி, பசை தடவிக் காய வைத்திருந்தார் ஜெபகுமார். காய்ந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு முக்காலியின் முன்னால் உட்கார்ந்தார். முக்காலியின் மேல் ஓர் இசைத்தட்டு இருந்தது.

"சுத்து" என்றார் மனைவியிடம்.

ரேவதி சுற்றவில்லை. "அது நாளைக்குப் போற கல்யாணத்துப் பத்திரிகைங்க. எந்த மண்டபம்னு அதுலதான் இருக்குது."

"பாட்டு முடிஞ்சதும் படிச்சிக்கலாம். நீ சுத்து."

தட்டின் விளிம்பில் விரலை வைத்து ரேவதி தள்ளினாள். ஜெபகுமார் ஊசியை மெல்ல இறக்கினார். கொசு ஒன்று கோயிலில் நின்று கீர்த்தனை பாடுவது மாதிரி கூம்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜெபகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா" என்றார்.

"எது? அந்தக் கீச்சுக் கீச்சா?"

"முதல்ல அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பாரு."

ஜெபகுமாருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய அப்பா சாமுவேல், மகனுக்கு ஆறு வயதாகும்போதே இறந்துபோனார். சாயப்பட்டறை வேலை முப்பத்துநாலு வயதிலேயே ஆளைக் கொண்டுபோய்விட்டது. அப்பாவின் முகம் ஒரு குரூப் போட்டோவில் தபால்தலை அளவுக்கு மிச்சம் இருந்தது. குரல் எப்படி இருக்கும் என்பது மகனுக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் அந்த வாய் அசையும், சத்தம் வராது. பேரன் எடுக்கும் வயது வந்தபிறகும் இது அவருக்கு ஆறாத குறை.

ஆனால் ஓர் ஆதாரம் இருந்தது. 1971இல் முசரவாக்கம் சபையின் பாடகர் குழு மெட்ராசுக்குப் போய் ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டு வந்தது. அந்தத் தட்டின் உறையில் பன்னிரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தன. ஒன்பதாவது பெயர், பி. சாமுவேல்.

அம்மா அதைப் பழைய பட்டுத் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். யாரையும் தொடவிட்டதில்லை. "உங்கப்பா அதுலதான்டா இருக்காரு. போட்டுப் போட்டுக் கேட்டா தேஞ்சி பூடுவாரு" என்பார். போன வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். இன்னும் இரண்டு வாரத்தில், ஒரு சனிக்கிழமை, முதல் வருட நினைவுக்கூட்டம். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அப்பாவின் குரல் இந்த வீட்டில் கேட்கவேண்டும் என்று ஜெபகுமார் ஆசைப்பட்டார்.

ஆசையில் ஒரு குறையும் இல்லை. குறை ஆசைப்பட்ட ஆளிடம் இருந்தது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் தரம் பார்க்கும் வேலை பார்த்தவர் அவர். நெய்த சேலையை மேஜைமேல் விரித்துப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து, இழை எங்கே தப்பியிருக்கிறது, ஜரிகை எங்கே பிசிறியிருக்கிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அவர் கண்ணுக்குத் தப்பிய பழுது காஞ்சிபுரத்தில் கிடையாது. ஓய்வு பெற்றபோது சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையிலும் மூன்று பழுது கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் மேடையைவிட்டு இறங்கினார்.

வேலை ஓய்ந்தது, கண் ஓயவில்லை. சாம்பாரில், பாஸ்டரின் பிரசங்கத்தில், பக்கத்து வீட்டுக் கோலத்தில் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என் தம்பிகிட்ட மிஷினே இருக்குது" என்றாள் ரேவதி, விரல் வலிக்கத் தட்டைச் சுற்றியபடியே. "புது மிஷினு. ஒரு போன் போட்டா எடுத்துக்கினு வந்துடுவான்."

"அவன் வூட்டு மிஷின்ல எங்கப்பா பாடமாட்டாரு."

தம்பி விமல்ராஜ் மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையில் வீடு கட்டினான். புதுமனை புகுவிழாவில் எல்லோரும் ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்தபோது ஜெபகுமார் மட்டும் தரையில் குந்தி, டேப் வைத்து அளந்து, "மார்பிள் அரை இஞ்சு கோணல்" என்று ஆமென் சொல்லும் நேரத்தில் அறிவித்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"மாமாகிட்ட குடுத்தா ஃபைவ் மினிட்ஸ்ல டிஜிட்டலா மாத்திடுவாரு டாடி" என்றாள் மகள் திரிஷா. கூம்பும் ஊசியும் வைத்துத் தட்டு போடலாம் என்று போனில் வீடியோ காட்டி இந்த வினையைத் தொடக்கிவைத்தவளே அவள்தான். காலேஜ் மூன்றாம் வருஷம்.

"கரண்டே இல்லாத வூட்ல பொறந்தவரு எங்கப்பா. கரண்டு இல்லாமயே பாடுவாரு. நான் பாட வெச்சிக் காட்டறேன்."

மறுநாள் அந்தக் கூம்பைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பி மண்டபத்தின் பெயரைப் படித்துக்கொண்டேதான் மூவரும் கல்யாணத்துக்குப் போனார்கள். பாதிப் பெயர் பசைக்குள் போயிருந்ததால் முதலில் வேறொரு கல்யாணத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள்.

விரலால் சுற்றினால் வேகம் நிற்கவில்லை. தட்டு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்றவேண்டும். ஜெபகுமார் யோசித்தார். காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்குச் சுற்றுவது என்றால் ராட்டைதான். எதிர்வீட்டில் ஊடை நூல் சுற்றும் ராட்டையை இரவல் வாங்கினார். ரேவதியின் சப்பாத்திப் பலகையைப் பழைய சைக்கிள் சக்கரத்தின் அச்சில் பொருத்தி, ராட்டையையும் அச்சையும் முறுக்கிய பட்டுநூலால் இணைத்தார். பலகை அழகாகச் சுற்றியது. அன்றிலிருந்து வீட்டில் சப்பாத்தி நின்றுபோனது.

ராட்டை சுற்றும் வேலை ரேவதிக்கு. அவள் சாயங்கால சீரியலை விடமாட்டாள். சுற்றிக்கொண்டே பார்த்தாள். சீரியலில் மருமகள் அழுதால் பாட்டு எருமை மாதிரி இழுத்தது. மாமியார் விஷப் புட்டியோடு கதவைத் திறந்தால் பன்னிரண்டு பேரும் அணில் மாதிரி கத்தினார்கள்.

"ஒரே மாதிரி சுத்து ரேவதி!"

"அவ ஒரே மாதிரி இருந்தா நான் ஏன் இப்படிச் சுத்தறேன்?"

டிவியை அணைத்தார். ரேவதி இரண்டு நாள் அவருடன் பேசாமல் சுற்றினாள். கோபத்தில் கை ஒரே வேகத்தில் போனது. சரியாக நாற்பத்தைந்து சுற்று.

வேகம் வந்தது, சத்தம் போதவில்லை. பத்திரிகைக் கூம்பை எறிந்துவிட்டு, தகரக் கடையில் சொல்லி ஒரு முழ நீளத்துக்குப் புனல் செய்துகொண்டு வந்தார். பெரிய புனல், சத்தம் என்னவோ சின்னதுதான். பட்டு நிறுக்கும் ஐம்பது கிராம் எடைக்கல் ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுத்து ஊசிக்கு மேலே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்.

பாட்டு கூடத்தை நிறைத்தது. ஊசியின் பக்கத்தில் தலைமயிர் மாதிரி கறுப்பாக ஏதோ சுருண்டு சுருண்டு எழுந்து வந்தது.

ஜெபகுமார் அதை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பூரித்துப்போனார். "அம்பது வருஷத்து அழுக்கு! பார்த்தியா? பிசிறு எடுக்கற மாதிரி எடுக்குது ஊசி."

"அழுக்குதானா அது?" என்றாள் ரேவதி. இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"முப்பத்தோரு வருஷம் பிசிறு பார்த்தவன்கிட்ட கேக்கறியா?"

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. பன்னிரண்டு பேரும் பல்லவி பாடி நிறுத்தியதும், ஓர் ஆண்குரல் மட்டும் தனியாக எழுந்தது. கனமான, நிதானமான குரல். ஜெபகுமார் எழுந்து நின்றுவிட்டார்.

"இதான். இதான் எங்கப்பா."

"எப்படிச் சொல்றீங்க?"

"ரத்தம் சொல்லுதும்மா."

தனிக்குரல் முதல் அடியைப் பாடியது, இரண்டாவது அடியைப் பாடியது. மூன்றாவது அடியின் நடுவில், குரலுக்குப் பின்னால் எங்கேயோ, "க்ஹும்... க்ஹ், க்ஹும்" என்று ஒரு சத்தம்.

ஜெபகுமார் ஊசியைத் தூக்கினார். "இன்னாது அது?"

"யாரோ இருமுறாங்க" என்றாள் ரேவதி.

திரும்பப் போட்டார். இருமல்தான். மூன்று தடவை, அதே இடத்தில்.

"எவன்டா அவன்?" என்று புனலைப் பார்த்துக் கத்தினார் ஜெபகுமார். "எங்கப்பா தனியா பாடிக்கினு இருக்காரு, பின்னாடி நின்னு இருமுறான்! இருமல் வந்தா வூட்ல கெடக்கணும். மெட்ராசு வரைக்கும் வேன் ஏறி வந்து, மைக்கு முன்னாடி நின்னு இருமுறான்னா எவ்ளோ கொழுப்பு இருக்கணும் அந்த நாய்க்கு?"

"பாவங்க. அடக்கித்தான் பார்த்திருக்காங்க. கேளுங்க, அமுக்கி அமுக்கிதான் வருது."

"முடியாதவன் எதுக்கு வரணும்? பாட்டையே நாசம் பண்ணிட்டான் பாவி."

பூதக்கண்ணாடி வைத்துத் தட்டில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நேராக நடுவிலிருந்த காகிதத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். பிறகு உறையில் இருந்த பன்னிரண்டு பெயர்களையும் விசாரித்தார். ஏழாவது பெயர், கே. ஆனந்தகுமார். புகையிலை போடுகிற ஆள் என்று அம்மா எப்போதோ சொன்ன ஞாபகம். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது.

மறுநாள் காய்கறிக் கடையில் ஆனந்தகுமாரின் மகன் எதிர்ப்பட்டு, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கும்பிட்டான்.

"உங்கப்பா இருமல் இன்னாச்சி?" என்றார் ஜெபகுமார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் உருகிப்போனான். "அப்பா போயி பத்து வருஷம் ஆகுதேண்ணே. இன்னும் ஞாபகம் வெச்சிக்கினு விசாரிக்கிறீங்களே!" என்று அவருடைய பையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைத் திணித்தான். ஜெபகுமார் கீரையோடு வீட்டுக்கு வந்தார். அதில் பூச்சி இருந்தது. சொல்லிக் காட்டினார்.

"நமச்சிவாயம் ஐயாவைக் கேட்டா தெரிஞ்சிடும்ல?" என்றாள் ரேவதி. "யாரு இருமினது, யாரு பாடினது, எல்லாம் சொல்லிடுவாரு."

அந்தப் பதிவுக்குப் போனவர்களில் உயிரோடு இருப்பவர் நமச்சிவாயம் ஒருவர்தான். சபைக்காரர் இல்லை, பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர். தபேலா வாசிக்க ஆள் இல்லாமல் அவரைக் கூட்டிப்போயிருந்தார்கள். எண்பத்தாறு வயதிலும் காது நன்றாகக் கேட்கும். சனிக்கிழமைக்கு அவரையும் அழைத்திருந்தார்கள்.

"அவருகிட்ட பழுதோட போட்டுக் காட்டச் சொல்றியா? சரிபண்ணிட்டுத்தான் காட்டுவேன்."

"டாடி, சரிபண்றதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ போன்ல ரிக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்றாள் திரிஷா. "பேக்கப் மாதிரி இருக்கட்டும்."

ஜெபகுமார் அவள் கையிலிருந்த போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "பழுது இருக்கற சேலைக்கு நான் முத்திரை போட்டதே இல்லம்மா. எடுத்தப்புறம் பண்ணு."

முதல் சிகிச்சை, பூந்திக்கொட்டை. பட்டைக் கெடுக்காமல் அழுக்கை எடுப்பதற்கு அதைவிட நல்லது இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஊறவைத்து, நுரைத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்து, நிழலில் காயவைத்தார். தட்டு பளபளத்தது. இருமலும் பளபளத்தது. முன்பு எங்கேயோ பின்னால் நின்று இருமிய ஆள் இப்போது நாலடி முன்னால் வந்து நின்று இருமினான். மூன்றாவது இருமலுக்குப் பிறகு அவன் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"நல்லா தெளிவாயிடுச்சி" என்றாள் ரேவதி.

ஜெபகுமார் அவளை முறைத்தார்.

இரண்டாவது, மெழுகு. கிறிஸ்துமசுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மெழுகுவர்த்தியை உருக்கி, பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, இருமல் இருக்கும் கோடுகளை மட்டும் தீக்குச்சி முனையால் அடைத்தார். போட்டுக் கேட்டார். இருமல் இல்லை. துள்ளிக் குதித்தார். ஆனால் ஐம்பது கிராம் கல் சும்மா இருக்குமா? ஒவ்வொரு தடவையும் ஊசி கொஞ்சம் கொஞ்சமாக மெழுகை உழுது வெளியே தள்ளியது. பத்தாவது தடவையில் இருமல் திரும்பி வந்தது, வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமுவது போல.

அப்படி அந்த வாரம் முழுவதும் பாட்டு ஓடியது. காலையில் பத்து தடவை, மாலையில் இருபது தடவை. ஒருநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஜெபகுமாரே ஒரு கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டு, மறு கையால் புனலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தனிக்குரல் எழுந்தது. கண்ணை மூடி, அந்தக் குரலை வேறு வார்த்தைகள் பேசச் சொன்னார். "ஜெபா, சாப்டியாடா?" என்று அது கேட்டது. "ஸ்கூல் விட்டு வந்துட்டியா?" என்று கேட்டது. ஐம்பத்திரண்டு வருஷத்துப் பாக்கியை அந்த மனிதர் ஒரு மத்தியானத்தில் அழுது தீர்த்தார். பிறகு மூன்றாவது அடி வந்தது. க்ஹும், க்ஹ், க்ஹும். கேட்டுக்கொண்டிருந்த பேச்சு அறுந்துபோனது.

"சனியனே" என்றார் ஜெபகுமார். "உன்னை ஒழிக்காம வுடமாட்டேன்."

வியாழக்கிழமை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. விமல்ராஜ் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ரேவதி அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டதிலிருந்தே யார் போன் போட்டார்கள் என்பது தெரிந்துவிட்டது.

"மாமா, பழசெல்லாம் வுட்டுடுங்க" என்றான் விமல்ராஜ். "அந்த மார்பிளைக்கூட மாத்திட்டேன். நீங்க சொன்னது கரெக்டுதான், அரை இஞ்சு. தட்டைக் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல ஏத்திடறேன்."

ஜெபகுமாரின் மனம் கொஞ்சம் இளகியது என்றுதான் சொல்லவேண்டும். தட்டைக் கையில் எடுத்துக் கொடுத்தார். விமல்ராஜ் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். முகம் மாறியது. சப்பாத்திப் பலகையைச் சுற்றிக் கிடந்த கறுப்புச் சுருளை எடுத்து விரலில் தேய்த்தான்.

"மாமா, இது அழுக்கு இல்ல. தட்டு. தட்டையே சீவிக்கினு இருக்கீங்க. இனிமே இந்த ஊசிய வெக்காதீங்க."

அவ்வளவுதான். இளகியதெல்லாம் ஒரு நொடியில் இறுகிவிட்டது.

"என் வேலையில பழுது பார்க்க வந்துட்டியா? குடு இங்க."

"மாமா, மிச்சம் இருக்கறதையாவது..."

"எங்கப்பா குரலை வுட உன் மிஷின் பெருசில்ல. சனிக்கெழம வா. வந்து கேட்டுட்டுப் பேசு."

விமல்ராஜ் அட்டைப்பெட்டியைத் திரும்பக் காரில் ஏற்றினான். ரேவதி அடுப்படி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்காகப் போட்ட காபி ஆறிப்போனது.

அன்று சாயங்காலம் ஜெபகுமார் மூன்றாவது சிகிச்சையைச் செய்தார். ஊசியை மெழுகுவர்த்தியில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, பூதக்கண்ணாடி வழியே பார்த்து, இருமலின் கோடுகளை ஒவ்வொன்றாக இழைத்தார். சேலையில் தப்பிய இழையை ஊசியால் நீவிச் சரிசெய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். கொஞ்சமும் கை நடுங்கவில்லை. பிளாஸ்டிக் கருகும் வாடை வீடெல்லாம் சூழ்ந்தது. ஒரு மணி நேரத்தில் தட்டின் அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது.

"சுத்து ரேவதி."

ரேவதி சுற்றினாள். பல்லவி. தனிக்குரல். முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் பாதி வந்ததும் ஊசி "ஸ்ஸ்" என்று வழுக்கி, அடியின் கடைசி வார்த்தையில் போய்ச் சுத்தமாக நின்று மேலே பாடியது.

இருமல் போயிருந்தது. இனி ஒருநாளும் வராது.

ஜெபகுமார் சிவப்பு ஸ்டிக்கரை உரித்து எறிந்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான சேலைகளில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார், ஒன்றைக்கூட அவர் கையால் சரிசெய்ததில்லை. இதுதான் முதல்.

"நடுவுல ரெண்டு வார்த்த காணோம் டாடி" என்றாள் திரிஷா.

"யாருக்கும் தெரியாது."

சனிக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. அம்மாவின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. பாஸ்டர் ஜெபித்தார். விமல்ராஜ் வந்திருந்தான், ஆனால் கதவோரமே நின்றுகொண்டான். நமச்சிவாயத்தைப் புனலுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். திரிஷா இந்த முறை அனுமதியோடு போனைத் தூக்கிப் பிடித்தாள்.

ஜெபகுமார் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "எங்கம்மா அம்பது வருஷம் பொத்திப் பொத்தி வெச்சிருந்தது எங்கப்பாவோட குரலு. இன்னிக்கி நீங்கல்லாம் கேக்கப் போறீங்க. கரண்டு இல்ல, மிஷினு இல்ல. பழுதும் இல்ல." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது கதவோரம் பார்த்தார்.

ரேவதி ராட்டையைச் சுற்றினாள். பாட்டு எழுந்தது. ஒரு வாரத்தில் நூற்றைம்பது தடவை உழுத பாட்டு, கொஞ்சம் கரகரத்தது. ஆனாலும் பாட்டுதான். தனிக்குரல் வந்ததும் இரண்டு அத்தைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நமச்சிவாயம் முழங்காலில் தபேலா தட்டிக்கொண்டு, தலையைப் புனலுக்குள் விடாத குறையாகக் குனிந்திருந்தார். மூன்றாவது அடி வந்ததும் அவர் விரல்கள் நின்றன. "ஸ்ஸ்" என்றது ஊசி. பாட்டு முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"இன்னொரு தபா போடுப்பா" என்றார் நமச்சிவாயம்.

போட்டார்கள். மறுபடி மூன்றாவது அடியில் கிழவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முடிந்ததும் புனலையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி ஐயா எங்கப்பா குரலு?" என்றார் ஜெபகுமார்.

"தனியா பாடறதக் கேக்கறியா? அது உங்கப்பன் இல்லப்பா. கம்பெனிக்காரன் மெட்ராசுல புடிச்ச ஆளு. பேருகூட போடல."

ராட்டை தானாக இன்னும் அரைச் சுற்று சுற்றி நின்றது.

ஜெபகுமார் தட்டின் உறையை எடுத்து ஒன்பதாவது பெயரில் விரலை வைத்துக் காட்டினார். "அப்போ... கும்பலோட பாடினாரா? பல்லவில இருக்காரா?"

"எங்க பாடினான்! அன்னிக்கு அவனுக்கு ஒடம்பு முடியல. கம்பெனிக்காரன் வாயத் தொறக்காம பின்னால நில்லுன்னுட்டான். அச்சடிச்ச பேர மாத்த முடியாதுன்னு நிக்க வெச்சாங்க, அவ்ளோதான்."

"அப்போ எங்கம்மா சொன்னது பொய்யா?" ஜெபகுமாரின் உதடு கோணியது. "இந்தத் தட்டுல எங்கப்பா இல்லவே இல்லியா?"

"இல்லாம இன்னா? மூணாவது அடியில அவன் தாங்க முடியாம இருமிப்புட்டான், திரும்பப் பதிய ரீலு இல்லன்னு அப்படியே வுட்டுட்டாங்க, வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட 'நானும் இதுல இருக்கேன்'னு அதத்தான் போட்டுக் காமிச்சான்" என்ற நமச்சிவாயம், மறுபடியும் புனலுக்குள் எட்டிப் பார்த்தார். "நானும் ரெண்டு தபா கேட்டுட்டேன், அந்த இருமலக் காணோமே ஜெபா, அது ஒண்ணுதானேப்பா உங்கப்பன்?"